கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் நம் குடியிருப்பும்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



செக்ரட்டரி எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிறகு லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய விவாதம் இருக்கிறது. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். நம் மூன்று பிளாக்கிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி வருஷம் வந்ததும் இந்த வீடுகளில் ஒரே மாதிரிப் பேச்சு கிளம்பும். "அப்பா, ப்ராஜெக்டுக்குப் பணம் கட்டணும்." எங்கே கட்டுவது? ஊருக்குள் இருக்கும் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் சென்டரில். தலைப்பு, மாடல், ரிப்போர்ட் எல்லாம் அவர்களே தருவார்கள். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுப்பார்கள். நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள். பிள்ளை ஒரு பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிறது. வைவா முடிந்த மறுநாள் அந்தப் பெட்டி பரண் மேல் ஏறிவிடும்.

அதே வருஷத்தில், அதே பிள்ளைக்கு ப்ராஜெக்ட் செய்யப் பணம் தருகிறோம் என்று அரசாங்கமும் வெளிநாட்டு அமைப்புகளும் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அவர்கள் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே ஊரில் நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

"மதுரையில் என்ன பெரிய ப்ராஜெக்ட் சார் செய்துவிட முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். திருப்பரங்குன்றம் போகும் வழியில் தியாகராஜர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ராஜகோபாலன் வாசுதேவன். குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் பைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, சூடான ஜல்லிக் கல்லின் மேல் தூவினால் அது உருகி, கல்லைச் சுற்றி ஒரு தோல் மாதிரிப் படிந்துகொள்ளும். அதன் பிறகு தார் சேர்த்தால் பிடிப்பு நன்றாக இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. இதை அவர் முதலில் போட்டுப் பார்த்தது தேசிய நெடுஞ்சாலையில் இல்லை. 2002-இல், கல்லூரி வளாகத்துக்குள்ளேயே, ஒரு சின்னத் துண்டுச் சாலையில். 2006-இல் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் பத்மஸ்ரீ. இடையில் 2015-இல் மத்திய அரசு, பெரிய நகரங்களை ஒட்டிப் போடும் சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைக் கலக்க வேண்டும் என்றே உத்தரவு போட்டது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது அந்தத் துண்டுச் சாலையைத்தான். சோதித்துப் பார்க்க ஒரு இடம் கிடைத்தது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் சரி என்றார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மிகச் சிறியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் என்று ஒன்று 1984 முதல் சென்னையில் இருக்கிறது. அதில் மாணவர் ஆய்வுத் திட்டம் என்று ஒரு உதவி உண்டு. கடைசி வருஷ மாணவர்கள் துறைத் தலைவர், முதல்வர் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். தொகை பெரிதல்ல, சில ஆயிரங்கள்தான். ஆனால் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகும் பணத்துக்கு அது ஈடாகும். மேலும் "அரசு நிதி பெற்ற திட்டம்" என்று பயோடேட்டாவில் ஒரு வரி சேரும். வேலைக்கு நேர்முகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் மதிப்புத் தெரியும்.

அடுத்தது 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம். பயிற்சி வகுப்பு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள்ளேயே நிரல் திருவிழா என்று மாணவர் கண்டுபிடிப்புகளுக்கான போட்டியும் இருக்கிறது. மத்திய அரசு 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நடத்துகிறது. அமைச்சகங்களே தங்கள் பிரச்சினையை எழுதிக் கொடுக்கும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் பரிசு லட்ச ரூபாய் அளவில் இருக்கும். மாதிரி ஒன்றைச் செய்து காட்டி, அதைத் தொழிலாக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டால், தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் உண்டு. ஒரு வகை 2 லட்சம் வரை, இன்னொரு வகை 5 லட்சம் வரை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ் 10 லட்சம் வரை போகும். ஆனால் அது கையில் தொட்டுப் பார்க்கிற பொருளுக்குத்தான். வெறும் மொபைல் ஆப்புக்குக் கிடைக்காது. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. விவசாயம் சம்பந்தப்பட்டதென்றால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் நபார்டு உதவியோடு நடக்கும் தொழில் வளர்ப்பகத்தில் போய்க் கேட்கலாம்.

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. மாநகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனங்களிலும் பயிற்சி பெறுவதற்காக 2020 ஜூனில் டியூலிப் என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. படித்து முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கானது. நகரம் எப்படி ஓடுகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி வெளிநாட்டு விஷயம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நெடுங்காலம் மதுரைக்கு மாணவர்களை ஓராண்டுக்கு அனுப்பி வைத்தது. தமிழ் படிப்பார்கள், ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு களப்பணி செய்வார்கள். ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு அமெரிக்கன் கல்லூரியோடும் லேடி டோக் கல்லூரியோடும் பல பத்தாண்டு உறவு வைத்திருக்கிறது. அங்கிருந்து பட்டம் முடித்த இளைஞர்கள் இங்கே வந்து தங்கினார்கள். சைக்கிளில் சுற்றிய வெள்ளைக்காரப் பிள்ளைகளை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் தெருவைப் படிக்க அவர்களுக்கு அங்கே யாரோ பணம் கொடுத்தார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளை, "இங்கே ஆராய என்ன இருக்கிறது" என்கிறது.

நம் பிள்ளைகளுக்கு நேரடியாகத் திறந்திருக்கும் வெளிநாட்டு வாசல்களில் எனக்குப் பிடித்தது ஜேம்ஸ் டைசன் விருது. பொறியியல், வடிவமைப்பு மாணவர்களுக்கானது. இந்தியாவுக்குத் தனிப் பரிசு உண்டு. உலக அளவில் வென்றால் 30,000 பவுண்டு. ஹல்ட் பரிசு 10 லட்சம் டாலர். அந்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம், உலகம் முழுக்க மாணவர்கள் மோதும் இடம் அது. ஆனாலும் கல்லூரி அளவிலான முதல் சுற்றில் நின்றாலே ஒரு யோசனையை நாலு பேருக்கு முன் எடுத்துச் சொல்லும் பழக்கம் வந்துவிடும். கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்க ஜெர்மனியின் டாட் அமைப்பும் கனடாவின் மைட்டாக்ஸ் அமைப்பும் உதவித்தொகை தருகின்றன.

நம் பி பிளாக்கில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்கிறார்கள். அவர்கள் பெற்றோருக்கு இது. 2007 முதல் அங்கே 'ப்ராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' என்ற நிதி இருக்கிறது. கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் தமது நூறாவது பிறந்த நாளில் தொடங்கியது. அதில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் மாணவர்கள் உலகில் எங்கு வேண்டுமானாலும் கோடையில் ஒரு திட்டம் செய்யலாம். ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர். அந்த 'எங்கு வேண்டுமானாலும்' என்பதற்குள் வண்டியூர்க் கண்மாயும் அடக்கம். பிள்ளை படிக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்று இரவே போனில் கேளுங்கள்.

இந்த இடத்தில் பொருளாளர் கவனமாகக் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் எதையும் நம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வாங்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு நம்மிடம் இல்லை. அந்தப் பதிவு வைத்திருக்கும் அமைப்புகூட டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. "பிள்ளைக்குக் கணக்கு இல்லை, சங்கக் கணக்கைக் கொடுங்கள்" என்று யார் நல்லெண்ணத்தோடு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். வரும் தொகைக்கு உரிய வழியை அந்தந்தக் கல்லூரி அலுவலகத்திலும் ஆடிட்டரிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, இவ்வளவு பணம் இருந்தும் ஏன் நம் பிள்ளைகளுக்கு வரவில்லை? நான் பல வருஷம் மாணவர் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை "இன்றைய உலகில் தண்ணீர்ப் பற்றாக்குறை பெரும் சவாலாக உள்ளது" என்று ஆரம்பிக்கும். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை லிட்டர் என்று ஒன்றும் இருக்காது. பணம் கொடுப்பவன் கேட்பது நாலு கேள்விதான். யாருக்கு என்ன பிரச்சினை? இன்றைக்கு அதன் அளவு என்ன? எங்கே செய்து பார்ப்பாய்? என் பணம் தீர்ந்த பிறகு அதை யார் நடத்துவார்கள்? அறையில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத முடியாது. ஒரு இடம் வேண்டும், ஒரு வருஷக் கணக்கு வேண்டும், "இங்கே செய்துகொள்" என்று ஒரு கடிதம் வேண்டும்.

இந்த மூன்றும் நம்மிடம் இருக்கின்றன.

நம் மொட்டை மாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வருஷத்துக்குச் சராசரியாக 85 சென்டிமீட்டர் மழை. 10,000 சதுர அடி மாடியில் அது ஏறக்குறைய 7.9 லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிவது போகப் பாதி நின்றால்கூட 12,000 லிட்டர் லாரியில் 32 லோடு. லாரிக்கு நாம் கொடுக்கும் பில் பொருளாளருக்குத் தெரியும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. நம் வளாகத்திலும் குழிகள் இருக்கின்றன. அவை வேலை செய்கின்றனவா? யாரும் அளந்து பார்க்கவில்லை. போரில் நீர்மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, எந்தக் குழி அடைத்திருக்கிறது என்று சொல்வது ஒரு சிவில் மாணவிக்கு நல்ல ப்ராஜெக்ட். நமக்கு அது லாரிச் செலவு.

குப்பையும் அப்படித்தான். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. நாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அது அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்கைப் பார்த்துப் போகிறது. அந்தப் பக்கத்து மக்களும் மூக்கு உள்ளவர்கள்தான். துர்நாற்றம் வராமல் உரம் தயாரிக்கும் ஒரு தொட்டியை நம் பின்பக்கச் சுவரோரம் வைத்துப் பார்க்க ஒரு மாணவர் குழுவுக்கு இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? "நாற்றம் அடித்தால்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். அடித்தால் எடுத்துவிடச் சொல்வோம். அதையும் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

நம் காம்பவுண்டுக்கு வெளியே என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுச் சொத்துக்குத்தான், நம் வளாகத்துக்குள் செய்ய முடியாது. மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. மீதியை அரசு போடும். தெருமுனைப் பூங்காவுக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ மாணவர்கள் வரைந்து கொடுக்கும் திட்டத்தை நம் சங்கம் கையில் எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போகலாம். பணம் தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள் என்ற கேள்விக்கும் அதுவே பதிலாகிவிடும்.

நான் கேட்பது மூன்று தீர்மானம். வருஷத்துக்கு 25,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடுகூட ஆகாது. பில் கொண்டுவந்தால்தான் கொடுப்போம், ஜி.எஸ்.டி. பில் வைத்துக் கணக்கு எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்கு இங்கேயே வரட்டும். இரண்டாவது, வளாகத்தில் சோதனை செய்ய அனுமதிக் கடிதம் கொடுக்கும் அதிகாரத்தைக் கமிட்டிக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொதுக்குழு கூடும் வரை காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

மூன்றாவதுக்குச் சிலர் முகம் சுளிக்கலாம். இந்த உதவி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. நம் கேட்டில் இரவுக் காவல் பார்ப்பவரின் மகள் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறார்கள். ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீடுகள் அவை. நம் சம்ப் எங்கே வழிகிறது, குப்பை எத்தனை மணிக்கு எவ்வளவு சேர்கிறது என்பது நம்மைவிட அவர்கள் வீட்டில்தான் நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய விஷயம் அவர்களிடம் இருக்கிறது.

தீர்மானத்தின் நகல் முன் மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, வேண்டிய திருத்தத்தை அதிலேயே எழுதுங்கள். ஓட்டெடுப்பு லிஃப்ட் விவாதத்துக்குப் பிறகு. அதற்குள் ஒரு தகவல் மட்டும் வேண்டும்: தண்ணீர் லாரி வந்த தேதியும் லோடு எண்ணிக்கையும் எழுதி வைத்த பழைய நோட்டு, மோட்டார் ரூமில் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது?