வெட்டப்பட்ட இடத்தை மறைக்காதிருப்போம்: ஆஸ்கர் மீஷோவின் பேசாப்படங்களை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்வதோடு முடிவதில்லை. அவர் விட்டுச் சென்றதை நாம் எப்படிக் கையாளப் போகிறோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒரு பேசாப்படக் கலைஞரை முன்வைத்து இன்று பேசுவோம்.

ஆஸ்கர் மீஷோ 1884இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். மீஷோ ரயில் பெட்டிகளில் பணியாளாக உழைத்தார், தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதார், நாவல் எழுதி வீடுவீடாகச் சென்று விற்றார். 1919 முதல் படமெடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவருடைய பேசாப்படங்களில் இன்று நம் கைக்கு வருபவை மூன்றே.

அவற்றுள் ஒன்று 1920இல் வெளிவந்த 'வித்தின் அவர் கேட்ஸ்'. கறுப்பின ஆண் வெள்ளைப் பெண்ணை வேட்டையாடுபவன், அவளைக் காக்க வந்தவர்களே கு கிளக்ஸ் கிளான் என்று 1915இல் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' சொன்னது. மீஷோ அதைத் திருப்பிப் போட்டார். குத்தகை விவசாயியின் வளர்ப்பு மகள் சில்வியா படித்தவள். பண்ணையாரிடம் தீர்க்க வேண்டிய கணக்கை அவளே எழுதித் தருகிறாள். கணக்கோடு போன தகப்பன் மீது, வேறொருவர் செய்த கொலையின் பழி விழுகிறது. வெள்ளையர் கும்பல் பெற்றோரைத் தூக்கிலிட்டு எரிக்கிறது. அதே நேரத்தில் ஒரு வெள்ளையன் சில்வியாவின் மேல் பாய்கிறான். அவள் மார்பிலுள்ள தழும்பைக் கண்டதும், அவள் தன் சொந்த மகள் என்று அவனுக்குத் தெரிகிறது. இரு காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் மீஷோ. யார் யாரை வேட்டையாடினார்கள் என்ற வாதம் அந்தக் காட்சி அடுக்கில்தான் இருக்கிறது. அதைக் கலைத்தால் வாதமே போய்விடும்.

அதைத்தான் கலைத்தார்கள். 1919 கோடையில் சிகாகோ இனக்கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தனர். படம் மீண்டும் கலவரத்தைக் கிளப்பும் என்று தணிக்கையாளர்கள் அஞ்சினர். வெட்டுகளுக்குப் பின் 1920 ஜனவரியில் அங்கே திரையிடப்பட்டது. ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவில் ஓடியது. பிறகு தொலைந்தே போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயினில் ஒரு பிரதி கிடைத்தது. அதன் பெயர் 'லா நெக்ரா', அதாவது 'கறுப்பி'. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குத் தாமே 'பறையன்' என்று பெயர் வைத்தார். தானே எடுத்துச் சூடும் பெயருக்கும் பிறர் ஒட்டிவிடும் பெயருக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

ஸ்பெயின் பிரதியில் ஆங்கில எழுத்து அட்டைகள் நான்கே மிஞ்சியிருந்தன. மற்றவை ஸ்பானிய மொழியில் இருந்தன. 1993இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தை மீட்டமைத்தபோது, ஸ்காட் சிம்மன் அவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பெயின் பார்வையாளருக்காகச் சேர்க்கப்பட்ட விளக்கங்களை நீக்கினார். மீஷோவின் நாவல்களிலும் 'பாடி அண்ட் சோல்' படத்தின் அட்டைகளிலும் உள்ள நடையைப் பின்பற்றினார். நடுவில் காணாமற்போன பகுதியை ஒட்டுப்போட்டு மறைக்கவில்லை. அந்த இடத்தில் ஓர் அட்டை அதன் சுருக்கத்தைச் சொல்கிறது. நம் பார்வையில் மரியாதை என்பது அந்த அட்டைதான்.

2016இல் கீனோ லோர்பர் நிறுவனம் முன்னோடிக் கறுப்பினப் படங்களை ஐந்து வட்டுகளாக வெளியிட்டது. அதில் இந்தப் படத்துக்கு டி.ஜே. ஸ்பூக்கியின் புதிய இசை உண்டு. இது மீஷோவுக்கு இழைத்த துரோகமா? இல்லை என்றே நினைக்கிறோம். அந்தக் காலத்தில் பேசாப்படத்துக்கு அரங்குக்கு அரங்கு வேறு இசைதான் ஒலித்தது. இசைத்தவர் யார் என்று வட்டில் எழுதியிருக்கிறது. பிடிக்காவிட்டால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். படத்தின் வேகம் அப்படியல்ல. அன்று கையால் சுழற்றிப் படமாக்கியதைப் பேசும்படத்தின் வேகத்தில் ஓடவிட்டால் மனிதர்கள் பொம்மைகளாகத் துள்ளுவார்கள். கும்பல் கொலைக் காட்சி அப்படித் துள்ளினால் வீட்டில் பார்ப்பவர் சிரித்துவிடுவார். மலிவான வட்டு செய்யக்கூடிய வன்முறை இது.

படைப்பாளியின் நோக்கம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது எப்போதும் எளிதா? 1925இல் பால் ராப்சன் நடித்த 'பாடி அண்ட் சோல்' படத்துக்கு நியூயார்க் தணிக்கைக் குழு அனுமதி மறுத்தது. மீஷோ அதை மாற்றித் தொகுத்தார். போலிப் பாதிரியின் கொடுமைகள் எல்லாம் ஒரு தாயின் கனவு என்று படம் முடிகிறது. அது கதைக்கு அவர் தந்த முடிவா, தணிக்கைக்குத் தந்த விலையா? ஒடுக்கப்பட்ட கலைஞனின் நோக்கம் நமக்கு முழுசாகக் கிடைப்பதில்லை. கத்தரிக்கோலோடு பேரம் பேசித்தான் அவன் பேச வேண்டியிருந்தது. ஆகவே வெளியிடுபவர்கள் 'அசல்' என்று அட்டைப்படத்தில் அச்சிட்டு நழுவ முடியாது. எது அவர் சொல், எது நாம் சேர்த்தது, எது வெட்டப்பட்டது, யார் வெட்டினார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' படத்தின் எஞ்சிய பிரதியில், கிளான் கும்பல் விரட்டியடிக்கப்படும் காட்சி இல்லை. அடிவாங்கும் காட்சி மிஞ்சி, திருப்பி அடிக்கும் காட்சி காணாமற்போகும்போது, அந்த வெற்றிடத்தையும் வரலாறாகவே வாசிக்க வேண்டும்.

இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. 'விகதகுமாரன்' என்ற மலையாளப் பேசாப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக பி.கே. ரோசி ஊரைவிட்டே துரத்தப்பட்டார். மீட்டமைக்க அந்தப் படத்தின் பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றின் மேல் நமக்குள்ள பொறுப்பு அதனால் இன்னும் கூடுகிறது. நம் மூத்தோரின் கையெழுத்துப் படிகளும் ஒலிநாடாக்களும் நம் வீடுகளில் இருக்கின்றன. பதிப்பிக்கும்போது அவர்களின் வட்டார மொழியைத் 'திருத்துகிறோம்', கோபத்தைக் குறைக்கிறோம், சங்கடமான பெயர்களை விட்டுவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அதுவும் தணிக்கைதான். இனி நாம் பதிப்பிக்கும் ஒவ்வொன்றிலும், கைவைத்த இடத்தில் கைவைத்தோம் என்று எழுதுவோம். கிழிந்த பக்கத்தைக் கிழிந்த பக்கமாகவே காட்டுவோம்.