கால் விறைத்தால் சோம்பல் என்று சொல்லாதீர்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து எடுக்கிற நமது பெண்களில் பலர் ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள். உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது, விரல் நுனி மரத்துப் போகிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. விரல் மரத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மலையில் 'சோம்பேறி' என்கிறார்கள், வீட்டில் 'வயசாகிவிட்டது' என்கிறார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. சீனி வருத்தமாக இருக்கலாம், முள்ளந்தண்டுக் கோளாறாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். ஆனால் சுலபமாகத் தவறிப்போகிற ஒன்று விற்றமின் பி12 குறைபாடு. கரண்ட் கம்பிக்கு மேலே ரப்பர் இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அதைக் காப்பதற்கு பி12 தேவை. இது கீரையில் இல்லை, பருப்பில் இல்லை, கோதுமை மாவிலும் இல்லை. மீன், முட்டை, பால், இறைச்சி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. நாம் சாப்பிடுவது என்ன? காலையில் ரொட்டியும் சம்பலும், பகலைக்கும் அதே ரொட்டி, சாயத் தேத்தண்ணி. முட்டை பிள்ளைக்கு, மீன் துண்டு புருஷனுக்கு, தாய்க்குக் குழம்பு. ஆண்கள் பக்கம் சிரிப்புக் கேட்கிறது. சிரிக்கிற விஷயமல்ல இது. உடம்பு ஈரலில் பி12ஐச் சேர்த்து வைத்திருப்பதால், குறை வெளியே தெரிய வருஷக்கணக்காகும்.

சீனி வருத்தத்துக்கு நீண்டகாலம் மெட்ஃபோமின் குடிக்கிறவர்களுக்கும் பி12 குறையலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் பி12 பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இரத்தச்சோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தம் தேறியது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். சிலருக்கு மீன் சாப்பிட்டாலும் உடம்பு பி12ஐ உறிஞ்சாது. அவர்களுக்கு ஊசி இருக்கிறது. பிந்தினால், போன உணர்ச்சி முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பி1 குறைந்தால் வருவது பெரிபெரி. 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால் முடங்கியதை யாவாவில் கண்டறிந்த எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அரிசியை மட்டும் குறை சொல்ல முடியாது. தினமும் கசிப்புக் குடிப்பவரின் உடம்பிலும் பி1 வற்றிவிடும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, மனக்குழப்பம் வந்தால் 'வெறி' என்று படுக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முட்டை சாப்பிடு என்று புத்தி சொல்வது லேசு. நாட்சம்பளம் மாவுக்கே பத்தாத வீட்டில் அது எடுபடாது. அதனால்தான் சம்பளப் பேச்சில் வயிற்றுச் செலவையும் கணக்கில் எடு என்று கேட்கிறோம். அதுவரை கொஞ்சம் நெத்தலியாவது தாயின் கோப்பையிலும் விழட்டும்.

விறைப்பு உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். கிளினிக்குக்குப் போன நாளில் பேர் வெட்டினால், அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் திகதியோடு சொல்லுங்கள்.