புரதமாகாத ஆர்.என்.ஏ.யும் ஊர்வனவற்றின் ஆண்-பெண் வேறுபாடும்

மனிதரில் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது கருவுறும்போதே குரோமோசோம்களால் முடிவாகிவிடுகிறது. ஊர்வனவற்றிலோ, எல்லா முதலைகளிலும் பெரும்பாலான ஆமைகளிலும் சில பல்லியினங்களிலும், அந்த முடிவு முட்டை புதைந்து கிடக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தது. செனகல் நாட்டின் டக்காரில் ஓணான் முட்டைகளை ஆராய்ந்த மதலேன் ஷார்னியே 1966-இல் இதை முதன்முதலாக எடுத்துரைத்தார். சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையில், நம் ஆறு ஏரிகளில் வாழும் சதுப்புநில முதலைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1989-இல் வெளியான ஆய்வில், 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலான சீரான வெப்பத்தில் வைத்த முட்டைகள் பெண்குட்டிகளையே தந்தன, 32.5 டிகிரியில் வைத்தவை ஆண்குட்டிகளையே தந்தன.

இந்தச் சூடு உயிரணுவுக்குள் எவ்வாறு ஆணையாக மாறுகிறது என்று கேட்கும்போதுதான் ஆர்.என்.ஏ. முன்னுக்கு வருகிறது. டி.என்.ஏ.யில் உள்ள மரபணுச் செய்தியைப் படியெடுத்துப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது தூது ஆர்.என்.ஏ. எனப்படும். அவ்வாறு படியெடுக்கப்பட்டும் புரதமாக மாறாமல், ஆர்.என்.ஏ.யாகவே நின்று பிற மரபணுக்களை அடக்கவோ தூண்டவோ செய்பவை புரதமாகாத ஆர்.என்.ஏ.க்கள். இவற்றில் ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ள நுண் ஆர்.என்.ஏ., தூது ஆர்.என்.ஏ.யின் மீது ஒட்டி அதன் வேலையை முடக்குகிறது. இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீள் ஆர்.என்.ஏ.க்களோ இருநூறு எழுத்துகளுக்கு மேல் நீண்டவை. அவற்றுள் பல, குரோமோசோமின் அருகிலேயே தங்கி அதன் செயல்பாட்டை மாற்றுகின்றன.

செங்காது ஆமையின் கருவில், சிறுநீரகத்தை ஒட்டி அமைந்த இனப்பெருக்கச் சுரப்பி, முதலில் விந்தகமாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம் என்ற நிலையிலேயே இருக்கிறது. 26 டிகிரியில் அது விந்தகமாகவும் 32 டிகிரியில் சூலகமாகவும் வளர்கிறது. குளிர்ந்த வெப்பநிலையில் கேடிஎம்6பி என்னும் மரபணு மிகுதியாக இயங்கி, விந்தகத்தை உருவாக்கும் டிஎம்ஆர்டி1 மரபணுவின் மீதுள்ள பூட்டை நீக்குகிறது என்பதைச் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் மெய்ப்பித்தனர். கேடிஎம்6பியை அவர்கள் அடக்கியபோது, ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை சூலகத்தை வளர்த்தன. அடக்குவதற்கு அவர்கள் கையாண்ட கருவியும் புரதமாகாத ஒரு சிறு ஆர்.என்.ஏ.தான்.

அதே கேடிஎம்6பி மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானில் வேறொரு விதமாக நடந்துகொள்கிறது. அவ்வோணானில் ஆண் இசட்-இசட் குரோமோசோம்களையும் பெண் இசட்-டபிள்யூ குரோமோசோம்களையும் பெற்றிருந்தாலும், 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்படும் இசட்-இசட் கருக்கள் பெண்ணாக மாறக்கூடும். இத்தகைய பெண்களில், வழக்கமாக வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி ஒன்று தூது ஆர்.என்.ஏ.யிலேயே தங்கிவிடுகிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. நூல்களின் வகைப்பாட்டில் இதைப் புரதமாகாத ஆர்.என்.ஏ. என்று சேர்ப்பதில்லை. ஆயினும், முழுமையான புரதத்தைத் தர இயலாதபடி ஓர் ஆர்.என்.ஏ. நிறுத்திவைக்கப்படுவது இத்துறைக்கு மிக நெருங்கிய செய்தியே.

நீள் ஆர்.என்.ஏ.யின் கைவரிசை மிகத் தெளிவாகத் தெரிவது, அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் பச்சை அனோல் பல்லியிடத்தில். அதன் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸும், மரபணுக்களைப் பெரிதும் இழந்துவிட்ட ஒரு ஒய்யும் மட்டுமே. ஒற்றை எக்ஸைக் கொண்டு இரண்டின் வேலையைச் செய்ய வேண்டிய ஆண், அந்த எக்ஸின் மரபணுக்களை இருமடங்கு வேகத்தில் இயக்குகிறது. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் இதற்கு நேர்மாறாக, பெண்ணின் இரண்டு எக்ஸுகளில் ஒன்றை எக்ஸிஸ்ட் என்னும் நீள் ஆர்.என்.ஏ. மூடி அடக்குகிறது. அனோலில் அந்த இருமடங்கு இயக்கத்துக்குக் காரணம் மேயெக்ஸ் என்னும் நீள் ஆர்.என்.ஏ. என்று 2024-இல் 'சயின்ஸ்' இதழ் ஆய்வுக்கட்டுரை நிறுவியது. 8 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆணில் மட்டும் வெளிப்படும் தன்மையைப் பெற்றுவிட்ட இது, டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் ஏறிய இடங்களோடு தொடர்புகொண்டு, தான் இருக்கும் பகுதியை வளைத்து எக்ஸ் முழுவதையும் தொடச் செய்கிறது. மேயெக்ஸ் பல்லியை ஆணாக்குவதில்லை. ஆணான பின் அதன் உயிரணுக்களில் மரபணு அளவைச் சமன்செய்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆமை, முதலைகளின் விந்தகத்திலும் சூலகத்திலும் வெவ்வேறு அளவில் காணப்படும் நுண் ஆர்.என்.ஏ.க்களின் பட்டியல்களை இதே தராசில் நிறுத்துவது பொருந்தாது. ஓரிடத்தில் கூடுதலாக இருப்பது அதுவே காரணம் என்பதற்குச் சான்றாகாது. விந்தகம் உருவானதன் விளைவாகவும் அது கூடியிருக்கலாம். கேடிஎம்6பி மரபணுவில் செய்தது போல, அடக்கிப் பார்த்துச் சுரப்பியின் போக்கு மாறுகிறது என்று காட்டப்பட்ட ஆர்.என்.ஏ.க்களை மட்டுமே பால் வேறுபாட்டின் காரணிகளாக ஏற்பது முறையாகும்.