கெலமங்கலத்திலிருந்து விமானம் பிடிக்க
(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் பற்றி ஏதாவது பேசப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். ஆனால் ஜூனியர்கள் எனக்குப் போன் போட்டுக் கேட்பதெல்லாம் வேறு: "அண்ணா, டிக்கெட் எப்படிப் போடறது? நடுவுல எத்தனை மணி நேரம் விடணும்?" நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பும் வீட்டில், ஒரு விமானம் தவறினால் அது சின்ன விஷயம் இல்லை. ஆகவே அதையே பேசுகிறேன்.

முதல் கனெக்ஷன் துபாயிலோ தோஹாவிலோ இல்லை, நம்ம ஊர் ரோட்டில்தான் இருக்கிறது. கெலமங்கலத்திலிருந்து தேவனஹள்ளி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று பெங்களூரின் நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும். ஊருக்குள் நுழையாமல் பாகலூர், சர்ஜாபூர், ஹொஸ்கோட்டை வழியாகவும் போகலாம். டிரைவர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

2008 மே மாதம் வரை பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையம் நமக்கு வெகு கிட்டத்தில் இருந்தது. மத்திகிரி தாண்டி பேலகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் ஏழாயிரம் அடி நீளத்துக்குக் கிடக்கிறது. ஆனாலும் நாம் அதில் ஏற முடியாது. பெங்களூர் விமான நிலையத்துக்குக் கொடுத்த ஒப்பந்தப்படி, மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் வரக் கூடாது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைப்பதாக 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அது வரும்போது வரட்டும், நம் கணக்கைத் தேவனஹள்ளிக்கே போடுவோம்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா ஏற்றுமதி செய்கிறவர்களைக் கேளுங்கள். காதலர் தினத்துக்கு மறுநாள் போய்ச் சேரும் பூவை யார் வாங்குவார்? விமானம் எப்போது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து வெட்டும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். நமக்கும் அப்படித்தான். விமானம் விடியற்காலை 4 மணிக்கு என்றால், கவுன்ட்டரைப் பொதுவாக 3 மணிக்கு மூடிவிடுவார்கள். நீங்கள் 1 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வழியில் டயர் பஞ்சரானாலும் சமாளிக்க, வீட்டை விட்டு இரவு 9 மணிக்குக் கிளம்புங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி விடியற்காலை என்று இருந்தால், கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி! இதில் ஏமாந்தவர்கள் படித்தவர்கள்தான்.

அடுத்தது, நான் அடித்துச் சொல்லும் விஷயம்: முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். நம் ஜூனியர் ஒருவர் வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் தனி டிக்கெட் என்று வாங்கினார். பதினோராயிரம் ரூபாய் மிச்சம். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். இரண்டாவது கம்பெனிக்காரர், "எங்களைப் பொறுத்தவரை நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். பெட்டியை வெளியே போய் எடுக்க வேண்டும், வெளியே போக விசா இல்லை. கடைசியில் அக்காவின் கார்டில் புது டிக்கெட். அப்பா டிராக்டர் கடனுக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் தானாகப் போயிருக்கும்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று உண்டு. அதற்குக் குறைவாக ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். ஆனால் அது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான நேரம். டாலரன்ஸ் இல்லாமல் நாம் டிராயிங் போடுவோமா? அதன்மேல் இன்னொரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா போகிறவர்கள், முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அபுதாபி வழியாகப் போனால் 2014 முதல் அமெரிக்கச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆகவே அங்கேதான் கூடுதல் நேரம் தேவை. லண்டன் போன்ற ஊர்களில் விமானம் மாறுவதற்கே நம் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கலாம். பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

அம்மா கொடுக்கும் ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில் போகட்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, சார்ஜர் மூன்றும் கைப்பையில். 2024 ஏப்ரல் 16இல் துபாயில் கொட்டிய மழையில் விமானங்கள் முடங்கி, பயணிகள் ஆயிரக்கணக்கில் தவித்தார்களே, அந்த மாதிரி நாளில் இது புரியும்.

பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாக வரும் பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து அம்மாக்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்று மொழி பேசுகிறவர்கள். அங்கே இங்கிலீஷ் போர்டைப் பார்த்தவுடன் கை நடுங்குகிறது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள். "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள். வழிகாட்ட ஒரு ஆள் கிடைக்கிறாரே, அதுதான் வேண்டும். விமான எண், உங்கள் போன் நம்பர், எந்த ஊரில் மாற வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்காக அவர்களை இரண்டு ஊரில் மாறி ஏற வைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தலில் என்னைப் பிடியுங்கள். டிக்கெட் போட்ட பிறகு இல்லை, போடும் முன்னாடி!