குசினிக் கல்

குசினி என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. அதற்குள் எரியும் அடுப்பும் கவலையும் எங்களுடையவை.

இந்திய வீட்டுத்திட்டம் 2012 முதல் வழங்கிய 550,000 ரூபாவோடு வட்டக்கச்சியில் எங்கள் வீடு எழுந்தது. அடுப்புக்கு அன்று சீமெந்துத் திட்டு. புளி பட்டுப்பட்டு அது பொரிந்துபோக, மேலே எந்தக் கல் போடுவது என்ற யோசனை வந்தது. மாபிளையும் புளி அரிக்கும். கருங்கல் தாங்கும், விலைதான் கூட.

"மலிவானதைப் போடு தம்பி. திரும்ப ஓட வேண்டி வந்தால் கல்லைத் தூக்கிக்கொண்டு போகேலுமே?" என்றார் அம்மா. 2009 தொடக்கத்தில் அம்மியை விட்டுவிட்டு நடந்தவர்.

பாரமான பொருள் வாங்கப் பணம் மட்டும் போதாது. ஊரில் இருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

கருங்கல்லே வந்தது. அம்மா மேசனிடம் கேட்டது ஒன்றுதான்: "மூலையில் அம்மிக்கு இடம் விடுங்கோ."