செஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்: எதற்கு எவ்வளவு?

(கிளப் ஹவுஸில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளி, டியூஷன் போக நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அது பெரும்பாலும் யூடியூபில் ஓப்பனிங் வீடியோ பார்ப்பதிலேயே போய்விடுகிறது. சிசிலியனில் பதினைந்து நகர்த்தல் மனப்பாடமாக இருக்கும். எதிராளி ஐந்தாவதிலேயே வேறு காயை நகர்த்திவிட்டால் கை நின்றுவிடும். நீங்கள் போட்டிக் கட்டணம் கட்டி, ஞாயிறு முழுக்க வாசலில் காத்திருப்பீர்கள். பிள்ளையோ "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு செய்துகொண்டு வெளியே வரும். குறை மூளையில் இல்லை, நேரத்தைப் பிரித்த விதத்தில்.

1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்த எமானுவேல் லாஸ்கர், தன் செஸ் நூலில் 200 மணி நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். விதிகளுக்கு 5, எளிய எண்ட்கேமுக்கு 5, ஓப்பனிங்குக்கு 10, காம்பினேஷனுக்கு 20, நிலையறிந்து ஆடுவதற்கு 40. மீதி 120 மணியும் ஆடுவதற்கும் ஆடியதை அலசுவதற்கும்தான். ஓப்பனிங்குக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு!

லாஸ்கரோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. எண்ட்கேமுக்கு 5 மணி போதாது. ராணி கூடுதலாக இருந்தும் ஸ்டேல்மேட் ஆக்கிவிட்டு அழும் பிள்ளையை எந்தப் போட்டி ஹாலிலும் பார்க்கலாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் பட்டம் வென்ற 14-வது ஆட்டமும் அங்கேதான் தீர்ந்தது. டிராவை நோக்கிப் போன ஆட்டம். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போயின, உடனே மந்திரிகளும் போக வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று.

ஆகவே என் கணக்கு: இருபது நிமிடம் புதிர்கள், காயைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே. பத்து நிமிடம் எண்ட்கேம். பாக்கி அரை மணியில் நேற்று ஆடியதைத் தாளைப் பார்த்து அலச வேண்டும். எங்கே, ஏன் அப்படி நகர்த்தினோம் என்று பிள்ளை தன் கையால் எழுதட்டும். அதற்குப் பிறகுதான் இன்ஜினைத் திறக்கலாம். வார இறுதியில் நிதானமாக ஒரு முழு ஆட்டம். ஓப்பனிங்கை அந்த அலசலின்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலில் மூன்று நிமிட ஆட்டம் ஆடும் அங்கிள்களே, அது பொழுதுபோக்கு. தாராளமாக ஆடுங்கள், பயிற்சிக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

சனிக்கிழமை மாலை இங்கே போர்டு போட்டு வைக்கிறோம். பிள்ளைகள் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் தாளோடு வரட்டும்.