எதிர்த்தரப்பில் ஒரு நண்பர்

இன்று சட்டப் பட்டதாரிகளாக எழுந்து நிற்கும் என் இளைய நண்பர்களே,

நீங்கள் படித்த பாடங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்த பிறகு நீங்கள் சேர்ந்து வாழ்ந்தீர்களே, அந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். விடுதிச் சாப்பாடு, மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்ற வாதம், சட்ட உதவி முகாம், மாணவர் பேரவைத் தேர்தல், பொங்கல் விழா, விளக்கணைத்த பிறகும் ஓயாத வாக்குவாதம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் மதிப்பெண் சான்றிதழில் ஒரு வரிகூடக் கிடையாது. மாவட்ட நீதிமன்றத்திலேயே தொழில் செய்து தலை நரைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பட்டதாரியை வழக்கறிஞராக்குவதில் பாதிப் பங்கு இவற்றுக்குத்தான்.

மூட் கோர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு மதிப்பெண் வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு மூன்று மூட், ஒவ்வொன்றுக்கும் 10. அந்த 30 மதிப்பெண்ணை வாங்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. போட்டிகளுக்குப் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். காலையில் மனுதாரருக்காக எந்த வாதத்தை உயிரைக் கொடுத்து நிலைநாட்டினீர்களோ, மதியம் எதிர்மனுதாரராக நின்று அதையே உடைக்க வேண்டும். இந்தப் பயிற்சியை வேறு எந்தப் படிப்பும் இப்படிக் கட்டாயமாகத் தருவதாக எனக்குத் தெரியவில்லை. எதிராளி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்த நியாயத்தை உங்கள் வாயாலேயே எடுத்துச் சொல்லி, நடுவரை ஒப்புக்கொள்ள வைப்பது வேறு.

ஆனால் மேடையில் நின்று பேசியது யார், பின்னால் உட்கார்ந்து மனுவைத் தட்டச்சு செய்தது யார் என்பதையும் உங்கள் மனக்கண் முன் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் சரளமாக வந்தவர்கள் பேசினார்கள். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர்கள், அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த வழக்கு விவரத்தைப் பார்த்ததுமே ஒதுங்கிக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டு இல்லாததால் பெயர் கொடுக்காதவர்களும் இருந்திருப்பார்கள். ஒரே கோட்டை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கை நீளமாயிருந்தால் உள்பக்கம் மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு வாதாடிய மாணவிகளை நான் நடுவராகப் போன இடத்தில் பார்த்திருக்கிறேன். ஊக்குக் குத்தியது யார் தெரியுமா? அடுத்த சுற்றில் அவர்களை எதிர்த்து நிற்க வேண்டிய அணியின் பெண். பரிசு யாருக்குப் போனது என்பது எனக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணின் முகம் நினைவிருக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் கூறு அப்படி. கீழமை நீதிமன்றங்களில் சாட்சி சொல்பவர் தமிழில்தான் சொல்கிறார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான் நடக்கிறது. வரப்புத் தகராறில் சாட்சி சொல்ல வந்த ஒரு விவசாயியிடம் ‘பொழி’ எது, ‘வாய்க்கால் கரை’ எது என்று கேட்டு உண்மையை வரவழைக்கும் திறமை, நீங்கள் அறிவிப்புப் பலகையின் முன் ஒதுங்க விட்ட அந்த மாணவரிடம்தான் இருந்தது. தமிழில் மூட் நடத்தாத சட்டக் கல்லூரி தன் மாணவர்களில் பாதிப் பேரின் திறமையை வீணடிக்கிறது என்பதே என் கருத்து. முதல்வர் அவர்கள் இதைக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்தில் கல்லூரி மாணவர்கள் நடத்திய சட்ட உதவி முகாமுக்குப் போயிருந்தேன். பஞ்சாயத்து அலுவலகத்துத் திண்ணையில் இரண்டு மேசை. முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம் என்று வழக்கமான மனுக்கள். ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து பிரிக்காத அஞ்சல் உறை ஒன்றை எடுத்து நீட்டினார். அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம். கோர்ட்டிலிருந்து வந்தது என்ற பயத்திலேயே பிரிக்கவில்லை. அது சிவில் வழக்கின் சம்மன். வாய்தா தேதி கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மேசையில் இருந்த மாணவி நகரத்துப் பெண், கெட்டிக்காரி. கைப்பேசியில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகி 17 நாள். சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13, தீர்ப்பை ரத்து செய்யக் கோர முப்பது நாள் கெடு என்று அடுத்த நொடியே சொல்லிவிட்டாள். வழக்கு எதைப் பற்றி என்று பாட்டியிடம் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. பாட்டி சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை, அவள் கேட்ட கேள்வி பாட்டிக்குப் புரியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பையன் இருந்தான். பேரவைத் தேர்தலில் இருவரும் எதிரெதிர் அணி, அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லையாம். அவன் எழுந்து வந்து பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “யாரு கெணறு பாட்டி, எத்தன பங்கு, உங்க மொற எந்தக் கெழம?” என்று கேட்டான். பத்து நிமிடத்தில் மொத்த வழக்கும் வெளியே வந்துவிட்டது. கொழுந்தன் மகன், பொதுக் கிணறு, தண்ணீர் முறை, கைவிட்டுப்போன பழைய பாகப் பத்திரம். அவன் கேட்டுச் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, கெடுவுக்குள் மனு தாக்கலானது.

அந்தப் பாட்டிக்கு இலவச சட்ட உதவி யாரும் போட்ட பிச்சையல்ல. 1976-இல் 42-ஆம் திருத்தம் வழியாக அரசமைப்புச் சட்டத்தில் 39ஏ கூறு சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பெண் என்ற ஒன்றே போதும், வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை அரிசிப் பானை வரைக்கும் கொண்டுபோகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரு மேசைக்கு வர வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டமளிப்பு நாளில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சட்டக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிறவர் 2008 நவம்பர் 12-ஐத் தாண்டிப் போக முடியாது.

சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கிய நிறுவனம். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் உயர் நீதிமன்றம் இருந்தது. வகுப்பு முடிந்து சில அடி நடந்தால் போதும், ஏதாவது ஒரு கோர்ட் ஹாலில் பின்வரிசையில் நின்று பெரிய வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்கலாம். அப்படிக் கேட்டே வளர்ந்தவர்கள் பல தலைமுறை. அந்த வளாகத்தில், தேவர் ஜெயந்திக்காக அடித்த சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டதைத் தொட்டுப் பகை மூண்டது. தலித் மாணவர்களும் பிற சாதி மாணவர்களும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கட்டைகளோடும் ஆயுதங்களோடும் மோதிக்கொண்டார்கள். விழுந்து கிடந்தவரை அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. வாசலில் போலீஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தது.

அடித்தவர்களும் அடிபட்டவர்களும் தீண்டாமையை ஒழித்த 17-ஆம் கூறை ஒரே வகுப்பறையில் படித்தவர்கள். தேர்வில் அதற்கு விடை எழுதியவர்கள். அப்படியானால் எது போதவில்லை? என் கணிப்பில், அவர்கள் ஒரே கல்லூரியில் படித்தார்களே தவிர, சேர்ந்து வாழவில்லை. ஒரே அணியில் மூட் பேசி, ஒரே முகாமில் மனு எழுதி, ஒருவன் காய்ச்சலில் கிடந்தபோது இன்னொருவன் கஞ்சி வாங்கி வந்து கொடுத்திருந்தால், ஒரு சுவரொட்டி அவர்களை அவ்வளவு எளிதாக இரண்டாகப் பிளந்திருக்காது.

நீதிபதி பி. சண்முகம் ஆணையம் விசாரித்தது, கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும், 2018-இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போனது. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. சாதி கட்டடத்தில் இருந்திருந்தால் கட்டடத்தை மாற்றினால் போயிருக்கும். மாணவர்கள் இழந்தது, நடந்து போய் எட்டிப் பார்க்கக் கூடிய ஓர் உயர் நீதிமன்றத்தை.

அண்ணல் அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் கூஜாவை அவர் தொடக் கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் அவர், படித்தவர்கள் அவர்களும். அதே மனிதர் 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். கல்வி நிலையத்தில் தண்ணீர் குடிக்கும் இடமும் சாப்பிடும் பந்தியும் சட்டப் பிரச்சினைதான் என்பதை அவரளவுக்கு அனுபவித்து அறிந்த சட்ட ஆசிரியர் வேறு யார்? ஆகவே பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதி அறையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். முதலாண்டு மூட் அணிகளையும் குலுக்கிப் பிரியுங்கள். மாணவிகள் விடுதிக் கதவு சாத்தும் நேரத்துக்கு முன்னால் நிகழ்ச்சிகளை முடியுங்கள், இல்லையென்றால் கதவைத் தாமதமாகச் சாத்துங்கள். தானாக ஒன்றுசேர்வார்கள் என்று விட்டுவிட்டால், தெரிந்த முகத்தோடும் சொந்தச் சாதியோடும்தான் சேர்வார்கள்.

உங்கள் தலைமுறைக்கு ஒரு தனி அனுபவமும் வாய்த்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கு 302 என்று மனப்பாடம் செய்தவர்கள் 103 என்று மாற்றிப் படித்தீர்கள், மோசடிக்கான 420 இப்போது 318-க்குள் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டும் தெரிந்தாக வேண்டும். பழைய எண், புதிய எண் என்று விடுதிச் சுவரில் பட்டியல் ஒட்டி, சீனியர் பழையதையும் ஜூனியர் புதியதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததாக உங்கள் முதல்வர் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. வழக்கறிஞர் அறைகளிலும் இதையே தொடருங்கள், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இனிமேல் நீங்கள் வாழப்போகும் சமூகம் நீதிமன்ற வளாகம். அங்கேயும் கேண்டீன் உண்டு, தேர்தல் உண்டு, சாதி பார்த்துக் கூடும் கூட்டமும் உண்டு. காலையில் கடுமையாக மோதிய இருவர் மதியம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பதைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். அவர்களிடம் பொறுமையாக விளக்குங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தாயார் இறந்துவிட்டார் என்றால் வாய்தாவுக்கு மறுப்புச் சொல்லாதீர்கள். அவர் வரும்வரை வழக்கைச் சற்று தள்ளிவைக்கச் சொல்லி நீங்களே நீதிபதியிடம் கேளுங்கள். உங்கள் கட்சிக்காரருக்கு அதனால் எந்த நட்டமும் வராது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பதிவுக் கட்டணமாகப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அதே ஆண்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள். நாளை நீங்கள் சீனியராகும்போது கொடுக்கவும் தயங்காதீர்கள். கையில் பஸ் காசு இல்லாமல் தொழிலை விட்டுப் போன நல்ல வழக்கறிஞர்களை நான் அறிவேன்.

வழக்கறிஞர் சங்கத் தேர்தலில் யாராவது “நம்ம ஆளு” என்று சொல்லி வாக்குக் கேட்டு வந்தால், அந்தக் காரணத்துக்காகவே அவருக்கு வாக்களிக்காதீர்கள். நவம்பர் 9 தேசிய சட்டப் பணிகள் நாள். அன்று கல்லூரி முகாம் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு மேசை உங்களுக்காகப் போடச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்கள் ஊரையும் உங்கள் சாதியையும் சேராத ஒருவரை.